ஒல்லியானவருக்கும் கொழுப்பு கூடுவது ஏன்? கல்லீரல் வாசலில் நடப்பது என்ன?

மலேசியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பின் அளவு கூடுதலாக உள்ளது. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய் ஆய்வு தரும் கணக்கு இது. விழுக்காட்டில் சொன்னால் 33.3. இவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கொழுப்பு வலிக்காது, காய்ச்சல் தராது, மயக்கம் வரவழைக்காது. முதல் அறிகுறியே மாரடைப்பாக வந்துவிடுவதும் உண்டு.

கொழுப்பு என்றதும் நம்மிடையே உடனே வரும் பதில், “வாயைக் கட்டவில்லை, அதனால்தான்” என்பது. உணவுக்கும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து வெட்டுக்குப் போய், நாள் முழுதும் நடந்து, ஒல்லியாகவே இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கொழுப்பு எட்டைத் தொடுகிறது. மீன்கூடத் தொடாத சைவக்காரருக்கு நாற்பது வயதில் நெஞ்சுவலி வருகிறது. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு மட்டும் அளவு ஏறிக் கிடக்கிறது.

இதற்கான விடை கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் உயிரணுவின் வெளிப்புறத்தில் நின்று இரத்தத்திலுள்ள கொழுப்பைப் பிடித்து உள்ளே அனுப்பும் ஒரு புரதம் உண்டு. அதற்கு எல்டிஎல் ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பி வாசலில் நிற்க வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா, திரும்பி வர வேண்டுமா, அழிக்கப்பட வேண்டுமா என்பதை வேறு சில புரதங்கள் அதனுடன் சேர்ந்து முடிவு செய்கின்றன. கொழுப்பு மாத்திரையை ஏன் தினமும் சாப்பிட வேண்டும், ஒருவருக்கு இளவயதில் மாரடைப்பு வந்தால் அவருடைய பிள்ளைகளையும் ஏன் சோதிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான பதில் இந்தப் புரதங்களின் நடமாட்டத்தில்தான் இருக்கிறது.

இரத்தத்தில் மிதக்கும் பொதி

கொலஸ்ட்ரால் என்பது விஷமன்று. உயிரணுவின் சவ்வைக் கட்டுவதற்கும், சில ஹார்மோன்களைத் தயாரிப்பதற்கும், செரிமானத்துக்கு உதவும் பித்தநீருக்கும் அது தேவை. உணவிலிருந்து வருவதைவிட நம் உடலே தயாரித்துக்கொள்ளும் கொலஸ்ட்ரால்தான் அதிகம்.

தண்ணீரில் எண்ணெய் கரையாது என்பது சமையலறையில் எல்லாரும் பார்த்தது. இரத்தமும் பெரும்பகுதி நீர்தான். எனவே கொலஸ்ட்ராலை இரத்தத்தில் கொண்டுபோக உடல் அதைப் பொதியாகக் கட்டுகிறது. பொதியைச் சுற்றி ஒரு பெரிய புரதம் முகவரிச் சீட்டைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். பரிசோதனைத் தாளில் எல்டிஎல் என்று அச்சாகியிருப்பது இந்தப் பொதியைத்தான். ‘கெட்ட கொழுப்பு’ என்று நாம் சொல்வதும் இதையே.

பொதி உரிய நேரத்தில் உரிய இடத்தில் இறக்கப்பட்டால் சிக்கல் இல்லை. அது இரத்தத்திலேயே நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருந்தால், இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அப்படிச் சேர்ந்த படிவு குழாயைக் குறுக்கும். ஒரு நாள் அது வெடித்து, மேலே இரத்தம் உறைந்து வழியை அடைத்தால் அதுவே மாரடைப்பு. ஆகவே எவ்வளவு கொழுப்பு இரத்தத்துக்குள் வந்தது என்பதோடு, எவ்வளவு வேகமாக அது அப்புறப்படுத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்டிஎல் பொதிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அப்புறப்படுத்துவது கல்லீரல்.

செம்பனை லோரியும் கல்லீரலும்

செம்பனைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேலையைப் புரிந்துகொள்வது எளிது. அறுத்த பழக்குலைகள் சாலையோரத்தில் குவிந்திருக்கும். ஆலையிலிருந்து லோரி வரும், குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும், இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பும். சாலையோரத்தில் குலை தேங்கிக் கிடக்கிறது என்றால் அறுவடை கூடிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. லோரிகள் குறைந்திருக்கலாம். லோரி வந்தும் குலையை ஏற்ற முடியாமல் போயிருக்கலாம். ஆலைக்குள் போன லோரி திரும்பி வராமலும் இருக்கலாம்.

சாலை என்பது இரத்தம், குலை என்பது எல்டிஎல் பொதி, ஆலை என்பது கல்லீரல் உயிரணு, லோரி என்பது ஏற்பி. உயிரணுவின் வெளிப்புறத்தில் நிற்கும் ஏற்பி பொதியைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இடத்தில் சவ்வு உள்நோக்கிக் குழிந்து, பொதியையும் ஏற்பியையும் சேர்த்து ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் பட்டதும் ஏற்பி மடங்கிக்கொள்கிறது. அதன் பிடி தளர்ந்து பொதி விழுகிறது. பொதி மேலும் உள்ளே போய் உடைக்கப்படுகிறது. ஏற்பியோ மீண்டும் வாசலுக்கு வந்து அடுத்த பொதிக்குக் காத்திருக்கிறது.

இப்படி ஒரு நடை போய்வர ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆகும். ஓர் ஏற்பியின் ஆயுள் சுமார் 20 மணி நேரம். அதற்குள் அது நூறு நடைக்கு மேல் போய்வந்துவிடும். ஒவ்வொரு நடையிலும் அது திரும்பி வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே நம் இரத்தத்தில் கொழுப்பின் அளவு ஏறுவதும் இறங்குவதும்.

டல்லாஸில் கிடைத்த விடை

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு மருத்துவர்கள். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, சில குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்தே கொழுப்பு மிக அதிகமாக இருப்பதும், பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதும் ஏன் என்பது.

அந்த நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். சாதாரண உயிரணுவுக்கு எல்டிஎல் கொடுத்தால், “வெளியிலிருந்து வந்துவிட்டது, இனி நாம் தயாரிக்க வேண்டாம்” என்பதுபோல் அது தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நோயாளியின் உயிரணு நிறுத்தவே இல்லை. வெளியே கொழுப்பு வழிந்துகொண்டிருந்தும், அந்தச் செய்தி உள்ளே போய்ச் சேரவில்லை. செய்தியைக் கொண்டுசெல்ல வேண்டிய ஏற்பி அங்கே இல்லை என்பது பிறகு தெளிவாயிற்று. இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1985ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி இருந்தும் உள்ளே போகாவிட்டால்?

அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஒருவரின் உயிரணு மட்டும் புதிராக இருந்தது. அதில் ஏற்பி இருந்தது. எல்டிஎல் பொதியையும் அது சரியாகப் பற்றிக்கொண்டது. ஆனால் உள்ளேதான் போகவில்லை. பொதியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றது.

காரணம் ஏற்பியின் வால்பகுதியில் இருந்தது. ஏற்பியின் பெரும்பகுதி உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறு வால் மட்டும் சவ்வைத் துளைத்து உள்ளே தொங்கும். அந்த வாலில் கோர்க்கப்பட்ட அமினோ அமிலங்களில் ஒரே ஒன்று மாறியிருந்தது. டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் இருந்தது. 1986இல் இது கண்டறியப்பட்டது.

ஒரே ஓர் எழுத்து மாறியதற்கா இவ்வளவு பெரிய நோய்? ஆம். ஏனென்றால் அந்த வால்தான் கொக்கி. சவ்வின் உட்புறத்தில் கிளாத்ரின் என்ற புரதம் கூடை முடைவதுபோல் பின்னிக்கொண்டு சவ்வை உள்நோக்கி இழுக்கும். இப்படிக் குழியும் இடங்கள் உயிரணுவின் பரப்பில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஏற்பிகளில் பாதிக்கு மேல் அந்தச் சிறிய இடத்தில்தான் கூடியிருக்கும். ஏற்பியின் வாலையும் கிளாத்ரின் கூடையையும் இணைத்துவிட நடுவில் வேறு புரதங்கள் உண்டு. வாலில் அந்த ஓர் இடம் மாறினால் அவற்றால் ஏற்பியைப் பிடித்துக் கூடைக்குள் சேர்க்க முடியாது.

அந்த இடைத்தரகர் புரதங்களில் ஒன்றுக்கு ஏஆர்எச் என்று பெயர். இத்தாலியின் சார்டினியா தீவிலும் லெபனானிலும் சில குடும்பங்களில் ஏற்பி நன்றாக இருந்தும் பிள்ளைகளுக்குக் கொழுப்பு மிக அதிகமாக இருந்தது. அவர்களிடம் பழுதாகியிருந்தது ஏற்பியன்று, அதைக் கூடையில் சேர்க்கும் ஏஆர்எச் புரதம் என்பது 2001இல் தெரியவந்தது. லோரி புதிதாக இருந்தும், ஆலை வாசற்கதவைத் திறக்க ஆள் இல்லை என்பதுபோன்ற நிலை அது.

திரும்பவிடாத புரதம்

உள்ளே போகாததால் வரும் நோய் ஒரு வகை. உள்ளே போன ஏற்பி திரும்பி வராததால் வரும் நோய் இன்னொரு வகை.

2003ஆம் ஆண்டில் பிரான்சின் கேத்தரின் புவாலோ, மரியான் அபிஃபாடெல், கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த நபில் சைடா ஆகியோரின் குழுக்கள் ஒரு புதிய காரணத்தை வெளியிட்டன. பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் தலைமுறை தலைமுறையாகக் கொழுப்பு அதிகம். ஆனால் ஏற்பியின் மரபணுவில் எந்தக் குறையும் இல்லை. அவர்களிடம் மாறியிருந்தது பிசிஎஸ்கே9 என்ற வேறொரு புரதத்தின் மரபணு.

பிசிஎஸ்கே9 என்ன செய்கிறது? கல்லீரலே அதைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. அது வந்து வாசலில் நிற்கும் ஏற்பியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஏற்பி உள்ளே போகும்போது அதுவும் கூடவே போகிறது. பைக்குள் அமிலம் ஏறும்போது பொதி கழன்று விழ வேண்டும், ஏற்பி மடங்கி வெளியே கிளம்ப வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அமிலத்தில் பிசிஎஸ்கே9இன் பிடி தளர்வதற்குப் பதிலாக மேலும் இறுகுகிறது. ஏற்பியால் மடங்க முடிவதில்லை. மடங்காத ஏற்பி திரும்பும் வழியில் சேர்க்கப்படாமல், பொதியோடு சேர்ந்து உடைக்கும் இடத்துக்குப் போய் அழிகிறது.

லோரியில் தொற்றி ஏறிக்கொண்டு, ஆலைக்குள் வந்ததும் “அடுத்த நடை வேண்டாம், வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு விடு” என்று சொல்லும் ஆள் என்று பிசிஎஸ்கே9ஐ நினைத்துக்கொள்ளலாம். இன்னும் எத்தனையோ நடை போகவேண்டிய லோரி, பாதி ஆயுளிலேயே உடைக்கப்படுகிறது. சாலையோரத்தில் குலைகள் தேங்குகின்றன. அந்தப் பிரெஞ்சுக் குடும்பங்களில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்ததால்தான் கொழுப்பு ஏறியது.

உடல் தனக்கே ஏன் இப்படி ஓர் எதிராளியை வைத்திருக்கிறது என்ற கேள்வி எழும். உயிரணுவுக்குள் தேவைக்கு மேல் கொலஸ்ட்ரால் சேர்வதும் ஆபத்துதான். எனவே உள்ளே வரும் அளவைக் கட்டுப்படுத்த அதற்குச் சில கடிவாளங்கள் தேவை. பிசிஎஸ்கே9 அவற்றில் ஒன்று. 2009இல் கண்டறியப்பட்ட ஐடால் என்ற புரதம் மற்றொன்று. உள்ளே கொலஸ்ட்ரால் நிறைந்துவிட்டால் ஐடால், ஏற்பியின் வாலில் ‘அழிக்கலாம்’ என்ற அடையாளத்தை ஒட்டிவிடும். கடிவாளம் வேண்டியதுதான், ஆனால் அது அளவுக்கு மேல் இறுகிவிட்டால் நோய்.

பிறவியிலேயே காப்புப் பெற்றவர்கள்

ஒரு புரதம் அதிகம் வேலை செய்தால் கொழுப்பு ஏறுகிறது என்றால், அது வேலையே செய்யாவிட்டால்? டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனதன் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தேடினார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர்களில் சிலரிடம் பிசிஎஸ்கே9 மரபணு பிறவியிலேயே செயலிழந்திருப்பதைக் கண்டார்கள். 2006இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், 3,363 கறுப்பினத்தவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு இந்த மாற்றம் இருந்தது. அவர்களின் எல்டிஎல் மற்றவர்களைவிட 28 விழுக்காடு குறைவு. 15 ஆண்டுகள் கவனித்ததில் அவர்களுக்கு இருதயக் குழாய் நோய் வரும் வாய்ப்பு 88 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொழுப்பு குறைந்தது கால்வாசிக்குச் சற்றே அதிகம். நோய் குறைந்ததோ பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில். பிறந்த நாளிலிருந்து வாழ்நாள் முழுதும் இரத்தக் குழாய்க்குள் கொழுப்பு குறைவாகவே ஓடியதன் பலன் அது. ஐம்பது வயதில் திடீரென்று விழித்துக்கொள்வதைவிட, சிறுவயதிலிருந்தே கொழுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது பல மடங்கு பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாத்திரை வேலை செய்யும் விதம்

அரசாங்கக் கிளினிக்கில் கொழுப்புக்காகக் கொடுக்கப்படும் சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகள் ஸ்டாடின் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் தொடக்கம் ஜப்பானில். அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் முதல் ஸ்டாடினை ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். இந்த வகையில் முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

மாத்திரை கொழுப்பைக் கரைத்துவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஸ்டாடின், கல்லீரல் உயிரணு சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கிறது. உயிரணுவுக்குள் தட்டுப்பாடு வருகிறது. உள்ளேயிருக்கும் ஸ்காப் என்ற காவல்காரப் புரதம் அந்தத் தட்டுப்பாட்டை உணர்ந்ததும், தன் பிடியிலுள்ள இன்னொரு புரதத்தை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது வெட்டப்பட்டு, வெட்டிய துண்டு உயிரணுவின் மையத்துக்குச் சென்று மரபணுக்களை எழுப்புகிறது. “ஏற்பிகளை அதிகம் செய்” என்பதுதான் அது கொண்டுசெல்லும் கட்டளை. வாசலில் ஏற்பிகள் கூடுகின்றன. அவை இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளி உள்ளே எடுக்கின்றன. இரத்தத்தில் அளவு குறைகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, மாத்திரையை நிறுத்தினால் கட்டளையும் நின்றுவிடும். ஏற்பியின் ஆயுளே ஒரு நாளுக்குக் குறைவு என்பதால், சில வாரங்களுக்குள் பழைய அளவே திரும்பிவிடும். “பரிசோதனையில் நல்லபடியாக வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு” என்று நிறுத்துபவர்கள், லோரிகள் ஓடியதால் சுத்தமான சாலையைப் பார்த்துவிட்டு லோரிகளை நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது, அதே கட்டளை பிசிஎஸ்கே9ஐயும் கூடுதலாகச் செய்யச் சொல்கிறது. லோரியும் கூடுகிறது, அதை இரும்புக் கடைக்கு அனுப்பும் ஆளும் கூடுகிறான். மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக ஏறக்குறைய 6 விழுக்காடுதான் குறைகிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த கணக்கு. அதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆகவே பிசிஎஸ்கே9ஐயே தடுக்கும் ஊசிகள் வந்தன. இவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற இரண்டும் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை இரத்தத்தில் அந்தப் புரதத்தை வழிமறித்துப் பிடித்துவிடுகின்றன. ஏற்பி தடையின்றித் திரும்பி வருகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிடும் 27,564 நோயாளிகள் கலந்துகொண்டனர். ஊசி போட்டவர்களுக்கு எல்டிஎல் மேலும் 59 விழுக்காடு குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் 15 விழுக்காடு குறைந்தன. இன்கிலிசிரான் என்ற மருந்து, அந்தப் புரதம் உருவாகும் முன்பே கல்லீரலில் அதைத் தடுக்கிறது. தொடக்கத்துக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு ஊசி போதும். இவை விலை உயர்ந்தவை. எல்லாருக்கும் தேவைப்படுபவையும் அல்ல. பெரும்பாலோருக்கு ஸ்டாடின் மாத்திரையே போதும்.

கொழுப்போடு முடிவதில்லை

ஏற்பி எங்கே நிற்கிறது என்பதே உடலின் செய்தித் தொடர்பை நிர்ணயிக்கிறது என்ற விதி, கொழுப்புக்கு மட்டும் உரியதன்று. சாப்பிட்டபின் இன்சுலின் சுரந்து தசை உயிரணுவின் ஏற்பியைத் தொடும். அந்தச் செய்தி உள்ளே போனதும், சர்க்கரையை உள்ளே விடும் வாயிற்புரதங்கள் உள்ளிருந்து கிளம்பி வெளிப்பரப்புக்கு வந்து நிற்கும். இந்த நகர்வு சரியாக நடக்காமல் போவது இரண்டாம் வகை நீரிழிவில் நடப்பவற்றுள் ஒன்று. வாயில் இருக்கிறது, ஆனால் வாசலுக்கு வருவதில்லை.

அட்ரினலின் ஹார்மோனுக்கான ஏற்பிகளும் அப்படியே. தொடர்ந்து தூண்டப்பட்டால், அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஏற்பியில் ஒட்டிக்கொண்டு செய்தியை நிறுத்தும். பிறகு ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தக் குடும்ப ஏற்பிகளை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பரம்பரைக் கொழுப்பு: யார் கவனிக்க வேண்டும்?

ஏற்பியிலோ அதைச் சார்ந்த புரதங்களிலோ உள்ள மரபணுக் குறையால் வரும் கொழுப்பைப் பரம்பரைக் கொழுப்பு நோய் என்கிறார்கள். உலக அளவில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தாயிடமோ தந்தையிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. சிகிச்சை பெறாத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இருதயக் குழாய் நோய் வந்துவிடுகிறது. பெண்களில் பத்தில் மூவருக்கு 60 வயதுக்குள் வருகிறது.

இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினர் கூடுதலாகக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 என்றும் அது காட்டியது. அந்த ஆறு ஆண்டு வேறுபாட்டுக்குப் பரம்பரைக் கொழுப்பு மட்டும் காரணமில்லை. புகைபிடித்தல், நீரிழிவு போன்றவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே முன்கூட்டி வரும் ஒரு நோய்க்குப் பிறவியிலேயே குறைந்துபோன ஏற்பிகளும் சேர்ந்துகொண்டால், காலம் இன்னும் சுருங்கிவிடும்.

கீழ்க்காணும் நிலையில் உள்ளவர்கள் மருத்துவரிடம் பரம்பரைக் கொழுப்பைப் பற்றிக் கேட்பது நல்லது.

எல்டிஎல் அளவு லிட்டருக்கு 4.9 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் உள்ள பெரியவர்கள்.

தந்தை, உடன்பிறந்த ஆண்கள் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ, தாய், உடன்பிறந்த பெண்கள் யாருக்காவது 60 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால்.

குதிகாலுக்கு மேலுள்ள நரம்பு போன்ற தசைநாண் தடித்திருந்தாலோ, கைவிரல் முட்டிகளில் கெட்டியான கட்டிகள் இருந்தாலோ.

45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை அல்லது சாம்பல் நிற வளையம் தெரிந்தால்.

குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் உறுதியானால் அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்ய வேண்டும். பிள்ளைகளைப் பத்து வயதுக்கு முன்பே சோதித்துவிடலாம் என்பது மருத்துவ வழிகாட்டி. ஓர் இரத்தப் பரிசோதனைதான் தேவை. சிறுவயதில் ஒல்லியாக, ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எதற்குக் கொழுப்புச் சோதனை என்று தாத்தா பாட்டி கேட்கலாம். பரம்பரைக் கொழுப்பு உடம்பின் தோற்றத்தைப் பார்த்து வருவதில்லை என்பதே அதற்குப் பதில்.

சட்டியும் ஏற்பியும்

பிறவியிலேயே வந்தது என்றால் உணவைக் கட்டி என்ன பயன் என்று விட்டுவிடவும் கூடாது. நெய், தேங்காய்ப் பால், கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் ஏற்பிகளின் செயலைக் குறைக்கிறது. தினமும் காலையில் நாசி லெமாக், மாலையில் ரொட்டி சானாய் என்று போகிறவருக்கு, இருக்கிற லோரிகளும் குறைகின்றன. ஓட்ஸ், பருப்பு, பயறு, கீரை, காய்கறிகளில் உள்ள நார்ச்சத்து குடலில் பித்தநீரோடு சேர்ந்து வெளியேறுகிறது. புதிய பித்தநீர் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவைப்படுகிறது. அதற்காக அது கூடுதல் ஏற்பிகளை வாசலுக்கு அனுப்புகிறது. நம் வீட்டுச் சாம்பாரும் பயற்றங் கறியும் செய்யும் உதவி இது.

ஆனால் பரம்பரைக் கொழுப்பு உள்ளவருக்கு உணவு மட்டும் போதாது. அவருக்கு மாத்திரை அவசியம். அதைச் சாப்பிடுவது கட்டுப்பாடில்லாமல் வாழ்ந்ததற்கான தண்டனையும் அன்று. பார்வை மங்கியவர் கண்ணாடி போடுவதைப் போன்றது. மாத்திரை சாப்பிட்டபின் தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நாட்டு மருந்து எதையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் குடிமக்கள் பொதுச் சிகிச்சைக்குச் செலுத்தும் கட்டணம் 1 ரிங்கிட். அடுத்த முறை போகும்போது எல்டிஎல் எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்திலேயே, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதையும் எழுதி வைத்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் கையில் இருக்கும்.